கதவு அப்படியேதான் இருக்கிறது

ஒன்பது கரைக் கூட்டிலிருந்து நாடு விலகிக்கொண்ட பங்குனி கழிந்து, சித்திரை அமாவாசையன்று சிப்பித்துறையின் எல்லாக் கதவுகளும் இரண்டு விரற்கடை அகலம் குறைந்தன. முன்கதவு, பின்கதவு, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே அளவுக்குக் குறைந்தன. கதவும் நிலையும் சேர்ந்தே ஒடுங்கி, இரண்டு பக்கச் சுவரும் அந்த இடத்தை இட்டு நிரப்பிக்கொண்டதால் எங்கும் ஒரு விரிசல் கிடையாது, சுண்ணாம்பு உதிரவில்லை, தாழ்ப்பாள் வழக்கம்போலப் பொருந்தியது, வாசலில் கட்டிய மாவிலை மட்டும் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கியது. இதை முதலில் உணர்ந்தவன் கருத்துக் கேட்பவனான ஆவுடையப்பன். வேலை முடிந்து சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றும்போது கைப்பிடி நிலையில் இடித்து விரல் கணுவில் தோல் பெயர்ந்தது. ஏழு வருஷமாக அதே சைக்கிள், அதே வாசல். அவன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, சைக்கிள் கைப்பிடி எப்படியோ அகண்டுவிட்டது என்று முடிவு செய்து, மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுபோய் வளைத்துக்கொண்டு வந்தான்.

சிப்பித்துறைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரக் கடல். கூட்டு இருந்த நாளில் ஒரு சீட்டை வாங்கிப் படகில் ஏறினால் கேட்பாரில்லை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேதான், பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான், ஆடித் தள்ளுபடியும் அங்கேதான். ஆனால் கூட்டின் அதிகாரிகள் வலைக்கண் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும், வாழைப்பழம் எவ்வளவு வளையலாம் என்று ஊரின் அடுப்படி வரைக்கும் மூக்கை நுழைத்தார்கள் என்பதும் பொய்யில்லை. ஆவுடையப்பன் எதிர்க்கரைப் பெண்ணான தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தைப் பதியப் போனபோது, எட்டு மொழியில் அச்சடித்த படிவத்தைக் கொடுத்தார்கள். அந்த எட்டில் அவன் மொழி இல்லை. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தை நாலு வருஷம் நெஞ்சிலேயே வைத்திருந்து, வாக்கெடுப்பு நாளில் விலக வேண்டும் என்ற கட்டத்தில் தாள் கிழியும்படிக் குத்தினான். தங்கபுஷ்பம் இருக்க வேண்டும் என்று குத்தினாள். இரண்டு பேரும் வெளியே வந்து ஒரே சோடாவைப் பகிர்ந்து குடித்தார்கள். அதைப் பற்றி வீட்டில் சண்டையே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விலகிய பிறகு, விலகியது சரிதானா என்று அரசாங்கத்துக்கு மாதாமாதம் கேட்க ஆசை வந்தது. தாலி கட்டிய பிறகு பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பது போலத்தான் என்றாலும், கேட்பதற்கென்று பொதுக்கருத்துத் துறை ஒன்று பிறந்தது, அதில் ஆவுடையப்பனுக்கு ஒரு பையும் ஒரு கட்டுப் படிவமும் கிடைத்தன. படிவத்தில் மூன்று கட்டம். சரி, தவறு, சொல்வதற்கில்லை. அமாவாசைக்கு மறுநாளிலிருந்து அவன் வீடு வீடாகப் போவான். சித்திரையில் கேட்டபோது தெருவில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் தவறு என்றார்கள், இரண்டு தரப்பும் வாசலிலேயே நின்று சத்தம்போட்டு, பிறகு அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

வைகாசியிலும் ஆனியிலும் கதவுகள் இரண்டிரண்டு விரற்கடையாகக் குறைந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. உறைத்ததே தவிர யாரும் அலறவில்லை. கோமதிநாயகம் ஆசாரி தன் வீட்டு நிலையைப் பெயர்த்துப் புது நிலை வைத்தார், அடுத்த அமாவாசையில் அது மட்டும் நாலு விரற்கடை குறைந்தது, அதோடு நிலையில் கை வைப்பதை ஊர் விட்டுவிட்டது. அலமாரி வைத்திருந்தவர்கள் அலமாரியை நெடுக்காக அறுத்து இரண்டு பாதியாக வைத்துக்கொண்டார்கள். கட்டில் வாங்குபவர்கள் கயிற்றுக் கட்டிலாக வாங்கினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு வாசல் அளவையும் எழுதிக் கேட்டார்கள், மாப்பிள்ளை நுழைய வேண்டுமே. தையல்காரர்கள் பாவாடைக் கொசுவத்தைக் குறைத்தார்கள். எல்லோரும் ஒருக்களித்து நுழைந்து ஒருக்களித்து வெளியேறிப் பழகி, அந்தப் பழக்கம் தெருவுக்கும் வந்து, புரட்டாசிக்குள் சிப்பித்துறை ஜனங்கள் வெட்டவெளியில்கூட நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள். குறுகிய கதவில் திருடன் வர மாட்டான், எதிர்க்கரைக்காரன் வர மாட்டான், கொசுகூடக் குறைச்சல்தான் என்று டீக்கடையில் பேசினார்கள். தவறு என்று சொன்னவர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். நான் அப்போதே சொன்னேன் என்று ஒருவன் வாயைத் திறந்தால் பெஞ்சு முழுக்க அவனை ஒரு பார்வை பார்க்கும், அந்தப் பார்வைக்குப் பிறகு டீ தொண்டையில் இறங்காது.

படிவத்தில் இப்போது ஒரு கேள்வி கூடியிருந்தது. உங்கள் வீட்டுக் கதவு எப்படி இருக்கிறது?

"அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி" என்றார் லாலாக்கடை சிவதாணு. அவர் அல்வாவும் மிக்சரும் விற்கிறவர், விற்பதற்கு முன் ருசி பார்க்கிறவர். வீட்டின் முன்னறையில்தான் கடை. ஆவணி அமாவாசையோடு அவரால் எந்த வாசல் வழியாகவும் வெளியே வர முடியாமல் போனது. சன்னல்கள் குறையவில்லை, அந்த நாளில் சன்னல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் கம்பிக்கு நடுவில் பொட்டலத்தை நீட்டி வியாபாரத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"கதவு குறைஞ்சிருக்கேண்ணே" என்றான் ஆவுடையப்பன்.

"கதவுக்கு என்னவே வந்தது? நாந்தான் கொஞ்சம் பெருத்துட்டேன். சரின்னே எழுதும். இந்தாரும், சூடா இருக்கு, வீட்ல புஷ்பத்துக்குக் கொண்டு போரும்."

ஆவுடையப்பன் சொன்னதை எழுதினான். பையில் அளவு நாடா இருந்தது. அவன் வேலை கேட்பது, அளப்பதல்ல என்று அதை எடுக்கவில்லை. ஐப்பசிக்குள் அந்த வாக்கியம் தெருவெல்லாம் பரவிவிட்டது. கதவு அப்படியேதான் இருக்கு, சைக்கிள் பெருத்துட்டு. கதவு அப்படியேதான் இருக்கு, பானை பெருத்துட்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரன் சொல்வதை அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் சிவதாணுவின் சன்னல் திறக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். சன்னல் பலகையை நெம்பிக் கம்பி வழியாகப் பார்த்தபோது அல்வாச் சட்டிக்குப் பக்கத்தில் அவர் சாய்ந்து கிடந்தார். ஊர் திகைத்து நின்றது, எப்படி அவரை வெளியே எடுப்பது? அப்போது பஞ்சாங்கம் பார்த்தவர் அவிட்ட நட்சத்திரம் என்றார், தெருவே மூச்சு விட்டது. அவிட்டத்தில் செத்தால் அடைப்பு. அடைப்பில் போன பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, சுவரை இடித்துத்தான் கொண்டுபோக வேண்டும், அது தாத்தா காலத்துக்கும் முந்திய வழக்கம். ஆக, சுவர் இடிந்தது நட்சத்திரத்தால், கதவால் அல்ல. கொத்தனார் உச்சிமாகாளி கடப்பாரையை எடுத்தார். பிணம் வெளியேறி, தூக்குகிறவர்கள் மூன்றாவது காலடி வைப்பதற்குள் அந்த வழியை அடைக்கத் தொடங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் போனது திரும்பி வரும். கல் அடுக்கிப் பூசியதும், ஈரம் காயும்வரை தெருவே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துத் தாங்கி நிற்க வேண்டும். கடப்பாரையைக் கடலில் போட்டுவிட வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது, ஆவுடையப்பனும் கை வைத்து நின்றான்.

அடுத்த நாள் சிவதாணு வீட்டில், காரியத்துக்கு வந்து தங்கியிருந்த உறவுக்காரர்களிடம் கேள்வி கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. துக்க வீட்டில் போய்ச் சரியா தவறா என்று கேட்பது மனுஷத்தனமா? போன மாதப் பதிலையே எடுத்து இந்த மாதப் படிவத்தில் எழுதி, ஓரத்தில் துக்க வீடு, ஆகவே முந்தைய பதில் என்று குறித்தான். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு நாகரிகம் தெரிந்த ஆள் என்று பாராட்டி, அதையே துறையின் விதியாக்கினார். துக்க வீட்டில் கேட்கக் கூடாது, ஒரு வருஷத்துக்கு முந்தைய பதிலே பதில். ஆவுடையப்பனுக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது ஆறு மாதம்.

இதற்கு முன் இரண்டு தங்கி, இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போயிருந்தன. மூன்றாவது நின்றதும் எதிர்க்கரை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டுவிட்டு, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வந்துவிடு, வலி எடுப்பதற்கு முன்னால் நான்தான் இதைப் பிரிக்க வேண்டும், வலி வந்த பிறகு பிரித்தால் உனக்கும் ஆகாது பிள்ளைக்கும் ஆகாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். சிப்பித்துறை ஆஸ்பத்திரியில் கட்டடம் இருந்தது, டாக்டர்கள் விலகலோடு அவரவர் கரைக்குப் போய்விட்டார்கள். ஆவணி வரை பழைய படகுச் சீட்டே செல்லுபடியானது, இனிமேல் எதிர்க்கரைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ஆவுடையப்பன் எழுதிப்போட்டுக் காத்திருந்தான். இம்முறை படிவம் அவன் மொழியில்தான் இருந்தது. பதில்தான் வரவில்லை.

தை மாதம், வாசல் இருபது விரற்கடை இருந்தபோது, தங்கபுஷ்பம் ஒருக்களித்து, மூச்சை அடக்கி, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஒருமுறை வெளியே போய்த் திரும்பினாள். உள்ளே வந்ததும் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்னங்க, இதுக்கு மேல தாங்காது. சீட்டு வரட்டும் வராம போகட்டும், நான் இப்பவே வெளிய வந்து படகுத்துறையில பெரியம்மை வீட்டுத் தாழ்வாரத்துல கெடக்கேன். அதுக்குக் கதவு கெடையாது."

"எட்டு மாசக்காரிய தாழ்வாரத்துல போட்டேன்னு ஊரு என்ன சொல்லும்? இன்னும் ஒரு அமாவாசை தாங்கும் ஏட்டி."

"ஊரு என்ன சொல்லும்ங்கிறதத்தான தெனம் எழுதுதிய." அவள் அவனுடைய பையைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு என்ன எழுதினிய?"

அவள் தானே பையைத் திறந்து, படிவக் கட்டை எடுத்து, தங்கள் கதவிலக்கத்தைத் தேடிப் பிடித்தாள். சரி. கதவு அப்படியே இருக்கிறது. அவன் கையெழுத்து அழகானது, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது.

"எனக்கும் சேத்தா எழுதினிய?"

"வீட்டுக்கு ஒரு படிவந்தான் புஷ்பம். கருத்துக் கேக்கப் போறவன் வீட்லயே தவறுன்னு எழுதினா நல்லாவா இருக்கும்?"

அவள் கட்டை இருந்தபடியே அடுக்கி உள்ளே வைத்தாள். தன் மேல் தனக்கே வந்த அருவருப்பை ஆவுடையப்பன் விழுங்கிக்கொண்டு, சைக்கிளைத் துடைக்கப் போனான்.

மாசி அமாவாசை வந்தது, வாசல் பதினெட்டு விரற்கடை ஆனது. மறுநாள் காலையில் தபாலில் அனுமதிச் சீட்டு வந்து சேர்ந்தது. சீட்டு அன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும், இந்தக் கரைத் துறைமுகச் சோதனைக் கதவைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள். அடைக்கவென்று இன்னொரு கதவா என்று நினைத்தால் சிரிப்பு வந்திருக்கும், அவனுக்கு வரவில்லை.

அடுத்த வீட்டுச் செண்பகவல்லி மதினி நல்லெண்ணெயோடு வந்தாள். உள்ளே வர முடிந்தது, ஒல்லி. நிலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவினாள், தங்கபுஷ்பத்தின் வயிற்றிலும் தடவினாள். பக்கவாட்டில் நுழைத்துப் பார்த்தார்கள். குனிய வைத்துப் பார்த்தார்கள். தெருப் பெண்கள் வெளியே நின்று, மூச்சை வெளியே விடு, இடுப்பைத் திருப்பு, முதுகை வளை என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருமுறை வயிறு பாதி நுழைந்து நிலையில் மாட்டிக்கொண்டது, உள்ளே பிள்ளை உதைப்பது சேலைக்கு மேலாகவே எல்லோருக்கும் தெரிந்தது, தங்கபுஷ்பம் ஓர் அலறல் அலறினாள். பின்னுக்கு இழுத்தார்கள். விலாவில் நிலையின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"கதவு அப்படியேதான் இருக்கு" என்றாள் மதினி, ஆறுதலாகத்தான் சொன்னாள். "வயித்துலதான் தண்ணி கொஞ்சம் சாஸ்தி."

"எனக்கு இடுப்பு கடுக்கு" என்றாள் தங்கபுஷ்பம். அவள் முகத்தைப் பார்த்தான் ஆவுடையப்பன். வலி இன்னும் வரவில்லை, ஆனால் வந்துகொண்டிருந்தது, தையல் அப்படியே இருந்தது.

அவன் ஓடினான். தெருவில் ஒருக்களிக்காமல் நேராக ஓடியவனை ஜனங்கள் விநோதமாகப் பார்த்தார்கள். உச்சிமாகாளி கொத்தனார் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சுவரை இடிக்கணும். இப்பவே வாரும்."

"ஐயோ, எப்ப அண்ணாச்சி? என்ன நட்சத்திரம்?"

"யாரும் சாகல. புஷ்பத்த வெளிய எடுக்கணும்."

கொத்தனார் வெற்றிலையைக் கீழே வைத்தார். "உசுரோட இருக்கவளுக்குச் சுவர இடிக்கவா? சுவரு வழியாப் போறது பொணம் அண்ணாச்சி. வாசல் இருக்கும்போது சுவர இடிச்சா ஊரு வாசலுக்கு என்ன மரியாத? நாளைக்கு எல்லாவனும் இடிப்பான். நான் வர மாட்டேன்." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புதுக் கடப்பாரை அந்தா சாத்தியிருக்கு. நான் பாக்கல."

ஆவுடையப்பன் வாழ்க்கையில் கடப்பாரை பிடித்தவனில்லை. முன்னறைச் சுவரில், சன்னலுக்கும் வாசலுக்கும் நடுவில், உள்ளே நின்று ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். காரை உதிர்ந்தது. அதே நேரம் பக்கத்தில் நிலை முனகியது. அடுத்த குத்துக்கு இன்னும் உரக்க முனகியது. மூன்றாவது குத்தில் திரும்பிப் பார்த்தான், பதினெட்டு விரற்கடை வாசல் பதினைந்தாகியிருந்தது. குத்துக்கு ஒரு விரற்கடையாக வாசல் உள்ளே வந்துகொண்டிருந்தது, கோபித்துக்கொண்ட மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. செண்பகவல்லி மதினி எண்ணெய்க் கிண்ணத்தைப் போட்டுவிட்டு இருக்கிற இடுக்கு வழியாக வெளியே பாய்ந்தாள். போகட்டும், சுவரில் வழி வந்தால் வாசல் எதற்கு என்று அவன் குத்தினான், செங்கல் தெறிக்கத் தெறிக்கக் குத்தினான், வெளிச்சம் வந்தது, தலை நுழையும் ஓட்டை வந்தது, தோள் நுழையும் ஓட்டை வந்தது, கையில் கொப்புளம் உடைந்து கடப்பாரை வழுக்கியது, கடைசியில் ஓர் ஆள் குனிந்து போகும்படி சுவர் திறந்தபோது வாசல் நாலு விரற்கடை அகலத்தில் நின்றது.

பிணத்தைக் கால் முன்னால் கொண்டுபோவார்கள் என்பதால் அவன் தங்கபுஷ்பத்தைத் தலை முன்னால் அனுப்பினான். அவளும், அவளுக்குப் பின்னால் கடப்பாரையோடு அவனும் தவழ்ந்து வெளியே வந்ததும் தெருப் பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வட்டமாக நின்று, மாரில் அடித்துக்கொண்டு, பொன்னு மகளே போறியே, பூத்த மரமே சாஞ்சியே என்று பாடினார்கள். எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள்.

"ஏன் மதினி அழுதிய? நான் உசுரோடதான இருக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம், செங்கல் தூசி படிந்த முகத்தோடு.

"தெரியும் தாயி. தெரியாமலா? ஆனா சுவரு வழியாப் போறவளுக்கு அழாம இருந்தா நல்லாவா இருக்கும்?" மதினி அவளைக் கட்டிக்கொண்டு, நெற்றியைத் துடைத்து, ஆட்டோவில் ஏற்றினாள். படகுக்காரர் தொம்மை, எதிர்க்கரைக்குப் படகு ஓட்ட இன்னும் உரிமம் வைத்திருந்த ஒரே ஆள், வாசலில் நின்று நீரோட்டம் திரும்பப் போகிறது என்று கத்தினார். மணி நாலு. ஆட்டோ கிளம்பியது. அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வந்தது, அனுமதிச் சீட்டும் ஆஸ்பத்திரி அட்டையும் உள்ளே அவனுடைய படிவப் பையில் இருந்தன.

கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓட்டை வழியாக உள்ளே புகுந்தான். பை கொடியில் மாட்டியிருந்தது. கட்டுக்கட்டான படிவங்களைக் கொட்டித் தேடினான். சரி, சரி, சரி, அவன் கையெழுத்திலேயே நூற்றுக்கணக்கான சரி, அவற்றுக்கு நடுவில் சீட்டும் அட்டையும். எடுத்துக்கொண்டு திரும்பும்போது அறை இருட்டியிருந்தது. ஓட்டையில் முக்கால்வாசிக்குக் கல் ஏறியிருந்தது. வெளியே உச்சிமாகாளி கரண்டியால் சாந்தை வாரி அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏ கொத்தனாரே! நான் உள்ள இருக்கேன்!"

"தெரியுது அண்ணாச்சி. மூணாங் காலடிக்குள்ள ஆரம்பிக்கணும்லா. வழியத் தொறந்து போட்டா அந்தப் பிள்ளைக்குத்தான் கெடுதல். நீங்க வாசல் வழியா வாங்க."

"வாசல் நாலு விரல் இருக்கு வே!"

"கதவு அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி" என்றார் கொத்தனார், கோபமே இல்லாமல், அடுத்த கல்லை வைத்துக்கொண்டே.

கடைசிக் கல் வைப்பதற்கு முன் தொம்மையின் கை அந்த இடைவெளியில் நீண்டது. ஆவுடையப்பன் சீட்டையும் அட்டையையும் அந்தக் கையில் திணித்தான். "ஓடும் தொம்மை அண்ணே, நிக்காதீரும், அஞ்சு மணிக்கு அடைச்சிருவான்!" கை மறைந்தது, கல் வந்தது. அவன் தோளைக் கொடுத்துச் சுவரைத் தள்ளினான். ஈரச் சாந்து கொஞ்சம் நெகிழ்ந்தது. அவன் இன்னும் வேகமாகத் தள்ளினான், நெகிழ்ந்தது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தெருவே கூடி உள்ளங்கைகளை வைத்துத் தாங்கி நின்றது. அவன் தள்ளுவது அவர்கள் கைகளுக்குத் தெரிந்தது. சாந்து காயும்வரை, அதாவது சூரியன் விழும்வரை, அவன் உள்ளே இருந்து தள்ளினான், அவர்கள் வெளியே இருந்து அன்பாகத் தாங்கினார்கள். பிறகு கடப்பாரையைக் கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள்.

தங்கபுஷ்பத்தின் தையலை டாக்டரம்மா வலி எடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் பிரித்தாள் என்றும், பெண் பிள்ளை என்றும், மூக்கு அப்பனைப் போல என்றும் நாலாம் நாள் தொம்மை சன்னலண்டை வந்து சொன்னார். ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதான், சந்தோஷத்தில்தான் அழுதான், முதலில். கடப்பாரை கொண்டுவந்து சுவரை உடைக்கச் சொன்னான். தொம்மை தலை குனிந்துகொண்டார். அடைத்த சுவரை மறுபடி இடித்தால் அடுத்த பிணம் கேட்கும் என்று சிப்பித்துறையில் ஒருவரும் கடப்பாரை கடன் தர மாட்டேன் என்கிறார்கள், எதிர்க்கரையிலிருந்து இரும்பு கொண்டுவரச் சோதனைக் கதவில் விடுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. தங்கபுஷ்பம் திரும்பி வர எழுதிப்போட்டாள். சுவர் வழியாகப் போனவள் என்று பஞ்சாயத்துப் பதிவேட்டில் இறந்தவர் பக்கத்தில் அவள் பெயரை ஏற்றிவிட்டார்கள். செத்தவர்களுக்கு நுழைவுச் சீட்டு தரச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்ததாம்.

"பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார் தொம்மை.

ஆவுடையப்பனுக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. கடைசியில், "அவ இஷ்டம்னு சொல்லும்" என்றான்.

தெரு அவனைக் கைவிடவில்லை, அதைச் சொல்லாவிட்டால் தெருவுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று முறை வைத்து, சோறும் குழம்பும் கருவாடும் தட்டில் வைத்துச் சன்னல் கம்பிகளுக்கு நடுவில் நீட்டினார்கள். உடம்பு இளைத்தால் வாசல் வழியாகச் சுகமாக வெளியே வரலாம் என்று புத்தி சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு வைத்தார்கள்.

பங்குனி அமாவாசைக்கு மறுநாள், விலகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. மத்தியான முறை செண்பகவல்லி மதினியுடையது. மதினியின் தங்கை மகள் உலகம்மை ஒரு கையில் மூடிய தட்டும் தோளில் பையுமாக ஒருக்களித்து நடந்து சன்னலுக்கு வந்தாள். அவன் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்த்தாள், பை மட்டும் புதிது.

"சாப்பாடு அப்புறம். முதல்ல என்னைக் கேளு" என்றான் ஆவுடையப்பன். ஒரு மாதமாக அவன் இந்த நாளுக்குத்தான் காத்திருந்தான். "விலகினது சரியா தவறான்னு கேளு. தவறு. எழுதிக்கோ. கதவு எப்படி இருக்குன்னு கேளு. அந்தா பாரு, ரெண்டு விரலு. எழுதும்மா."

உலகம்மை நல்ல பெண். வாசல் இருந்த திசையைப் பார்த்தாள், சுவரில் கரிக்கோடு இழுத்தது போல நின்ற கதவுப் பலகையைப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்ககிட்ட கேக்கக் கூடாதே அண்ணாச்சி. இது துக்க வீடு. நீங்க வச்ச விதிதான." அவள் பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்துச் சன்னலில் விரித்து, அதைப் பார்த்துப் புதியதில் எழுதத் தொடங்கினாள். "அக்கா போய் ஒரு வருஷம் ஆகட்டும், நானே வந்து கேக்கேன். கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு உங்களுக்கு."

"புஷ்பம் சாகல உலகம்மை. என் பிள்ளைக்கு ஒரு மாசம் ஆகுது."

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்றாள் அவள் மெதுவாக, எழுதுவதை நிறுத்தாமல். சரி. கதவு அப்படியே இருக்கிறது. துக்க வீடு, ஆகவே முந்தைய பதில். மை காய ஊதிவிட்டுப் படிவத்தை உள்ளே வைத்தாள். தெருக்கோடியில் யாரோ முதல் வருஷக் கொண்டாட்டத்துக்குச் சரவெடி கொளுத்தினார்கள். தெருவில் இந்த மாதம் ஒரு தவறுகூட இல்லையாம், நூற்றுக்கு நூறாம், அவள் அதைச் சந்தோஷமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை.

பிறகு தட்டை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவில் நீட்டினாள். நேற்றுவரை சுலபமாக நுழைந்த அதே தட்டு, அதே எவர்சில்வர், அதே விளிம்பு. இரண்டு பக்கமும் கம்பியில் இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தாள், குழம்பு வழிந்தது. திருப்பிப் பார்த்தாள். ஆவுடையப்பன் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவன் இழுப்பதை நிறுத்தி, கம்பியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

உலகம்மை தட்டை வெளியே இழுத்துக்கொண்டு, முந்தானையால் அதன் விளிம்பைத் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"தட்டு பெருத்துட்டு போல அண்ணாச்சி" என்றாள்.